சேவலுக்காக ஓர் அடைக்கோழி

கோழி வளர்க்கிற எல்லாருக்கும் பொட்டைக் குஞ்சுதான் வேண்டும். அந்த வருஷம் எனக்கு மட்டும் சேவல் வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று போதும்.

என் லாங்ஷான் சேவலை மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. வலையின் ஓட்டை வழியாக உள்ளே போன பாம்பு, வயிறு புடைத்துப் போய், வந்த வழியே வெளியேற முடியாமல் கொட்டகைக்குள்ளேயே கிடந்தது. என் புருஷன் மெர்வ் அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய் ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தான். நான் தலையை நறுக்கியிருப்பேன். மாட்டுக்கறி ஆலையில் எலும்பு பிரிக்கிற எனக்குக் கத்தி ஒன்றும் புதிது இல்லை.

லாங்ஷான் என்றால் கறுப்பு இறகில் பச்சை மினுங்கும். பாதம்வரை இறகு இருக்கும். வெளிநாட்டிலிருந்து இங்கே கோழியைக் கொண்டுவர விடமாட்டார்கள். நாட்டுக்குள் இருப்பதை வைத்துத்தான் பெருக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவரிடமும் விற்கிறதற்குச் சேவல் இல்லை. சாவதற்கு முன் என் சேவல் சேர்ந்த பொட்டைகள் இட்டதில் நாலு முட்டை தேறியது. லெகார்ன், சஸ்ஸெக்ஸ் ஜாதிக் கோழிகளின் முட்டைகளோடு அவற்றையும் குஞ்சு பொரிக்கிற மெஷினில், இன்குபேட்டரில், வைத்தேன்.

அப்போதுதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். என் சஸ்ஸெக்ஸ் கோழி ஒன்று அடையில் உட்கார்ந்திருந்தது. மெஷின் இருக்கும்போது இது எதற்கு, முட்டையாவது போடட்டும் என்று, அடை தெளிகிறவரை அதைப் பச்சைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக் கம்பிக் கூண்டில் போட்டேன். தெளிந்துவிட்டது. ரொம்ப நன்றாகவே தெளிந்துவிட்டது.

குஞ்சு பொரிக்கும் நாளன்று மத்தியானம் வானம் பச்சையாகக் கறுத்தது. கோல்ஃப் பந்து அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. ரோட்டு முனையில் யூகலிப்டஸ் மரம் ஒன்று மின்கம்பத்தோடு சாய்ந்தது. மெஷினில் விளக்கு அணைந்தது. இரண்டு லாங்ஷான் முட்டைகளில் ஓடு விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து மூக்கு ஒன்று தட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரிக்கு முன்னாடி கரண்ட் வராதாம்," என்றான் மெர்வ்.

"பெவ்கிட்ட அடைக்கோழி இருக்கு."

"பெவ்வா? உன்னைக் கண்டா அவ மூஞ்சியத் திருப்பிக்கிறாளே."

அதுவும் உண்மைதான். பக்கத்து நிலம் பெவ் என்கிற பெவர்லியுடையது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், வெள்ளை சில்க்கிக் கோழி வளர்க்கிறாள். சில்க்கிக்குக் காலில் ஐந்து விரல் இருக்க வேண்டும். போன வருஷக் கண்காட்சியில் அவள் கோழிக்கு ஒரு காலில் நாலுதான் என்று நடுவரிடம் காட்டிக்கொடுத்தவள் நான். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

மற்ற முட்டைகளை வெந்நீர்ப் பாட்டில்களோடு தெர்மோகோல் ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடும்படி மெர்விடம் சொன்னேன். லாங்ஷான் முட்டை நாலையும் பிராவுக்குள் செருகிக்கொண்டேன். அதைவிடச் சூடான இடம் என்னிடம் வேறு இல்லை. நெஞ்சை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, ஆலங்கட்டி நொறுங்கக் கிடந்த புல்வெளியில் நடந்தேன். ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பெவ் வாசல் கேட்டிலேயே நின்றாள். "வாங்க நடுவரம்மா. வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன் அடைக்கோழி வேணும் பெவ்."

"எது, அந்த நாலு விரல் கோழியா?"

"ரெண்டு விரல் இருந்தாலும் பரவாயில்ல."

"ஏன்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? மாரடைப்பா?"

"முட்டை."

"எங்க?"

"உள்ளதான்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட லோரெய்ன், உன் பிராவுக்குள்ள இப்பதான்டி முதல் தடவையா ஏதோ இருக்கு!"

அந்த நேரம் பார்த்து என் இடது பக்கத்திலிருந்து 'கீச்' என்று சத்தம் வந்தது.

சிரிப்பு நின்றது. பெவ்வின் கண் விரிந்தது. "ஐயையோ, பேசுதுடி! ஏன் மரமாட்டம் நிக்கிற? ஓடு!"

கொட்டகையில் சில்க்கி, முட்டைக்குப் பதிலாக பெவ் வைத்திருந்த கோல்ஃப் பந்துகள்மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பெவ் பந்துகளை ஒவ்வொன்றாக உருவினாள், நான் முட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினேன். கோழி என் மணிக்கட்டைக் கொத்தியது. கொத்தட்டும். கடைசி முட்டையும் அடியில் போனதும் இறகைப் பரப்பி, அசைந்து அசைந்து, சரியாக உட்கார்ந்தது. உள்ளே கீச்சிட்டதற்கு அடித்தொண்டையில் பதில் சொன்னது.

"கேட்டியா? பேசறா!" என்று என் தோளில் அடித்தாள் பெவ்.

இருவரும் வைக்கோலில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு முட்டைகள் பொரித்தன. மற்ற இரண்டும் கூமுட்டை. வெளியே வந்தவை நனைந்த கந்தல் மாதிரி இருந்தன. காய்ந்ததும் கறுப்பும் மஞ்சளுமாக, காலில் பொடி இறகோடு எழுந்து நின்றன. ஐஸ்பெட்டியில் லெகார்ன்கள் கத்துவதாகச் சொல்ல வந்த மெர்வும் எங்கள் பக்கத்தில் படுத்துவிட்டான்.

குஞ்சுகள் பெவ்விடமே வளர்ந்தன. சில்க்கி அம்மாவைவிட உயரமான பிறகும் அவளுடைய இறகுக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, பின்புறம் மழையில் நனைய நின்றன. ஒன்று பொட்டை என்று சீக்கிரம் தெரிந்துவிட்டது. மற்றது பிடி கொடுக்கவில்லை.

"கால் தடிமனைப் பாரு, சேவல்தான்," என்பாள் பெவ்.

"கொண்டை வெளுத்துக் கிடக்குதே. பொட்டைதான்." அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து கொண்டையைப் பார்ப்பேன். இதுவும் பொட்டையாகிவிட்டால் என் லாங்ஷான் வம்சம் அவ்வளவுதான்.

ஒருநாள் ஆலையில் டீ இடைவேளை. ரத்தக் கறையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பெவ்.

"பேசாதடி. கேளு."

ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் வெறும் காற்று. பிறகு துருப்பிடித்த கீலைத் திருகின மாதிரி, பாதியில் உடைந்துபோன ஒரு சத்தம்.

"என்ன அது? யாரு கழுத்தையாவது நெரிக்கிறாங்களா?" என்றான் பக்கத்திலிருந்த தோலுரிப்பவன்.

"கூவுறான்டா!" நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டேன். "என் சேவல் கூவுறான்! பெவ், இன்னொரு தடவை கூவச் சொல்லு!"

"நான் சொன்னா கேப்பானா? அவனே கூவுவான், இரு..."

அறை முழுக்கத் தேநீர்க் குவளைகள் பாதியில் நின்றன. மாடு அறுக்கிற முரட்டுக் கைக்காரர்கள் எல்லாம் அசையாமல், அந்தச் சின்ன போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

மறுபடியும் கூவினான். இந்தத் தடவை முழுசாக.