நெடுந்தீவு ரீல்

யாகப்பு ஐயா எங்கள் ஊர்காவற்றுறை நூலகத்துக்கு வந்த முதல் நாளே நான் சொல்லிவிட்டேன், இந்த மெஷின் பெண்பிள்ளையின் மனதை மாற்றாது என்று. அவர் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் தபால் கந்தோரை ஆண்டவர், நூலகத்தில் சம்பளம் வாங்கும் இந்தச் சுமித்திராவின் சொல்லையா கேட்கப்போகிறார்?

விஷயம் இதுதான். நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போன மகள் யூலியானா, அங்கே மாடு வளர்க்கும் றஜீபனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பெடியனும் அவர்களைப்போலக் கத்தோலிக்க வேதக்காரன்தான், குடிக்காதவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே ஐயா சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட வீட்டுப் பொம்பிளை ஒருத்தியும் கடல் தாண்டி நெடுந்தீவுக்கு வாழப்போனதில்லை, பிள்ளை. நூறு வருசத்துப் பதிவையும் எடுத்து அவளுக்கு முன்னாலை வைக்கப்போறன்."

"வைச்சால்?"

"வாயை மூடுவாள்."

அவள் அதுவரை காத்திருக்கவில்லை. வருகிற மாதம் இருபதாம் திகதி நெடுந்தீவுக் கோவிலில் கலியாணம், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் என்று சொல்லிவிட்டுக் குறிகட்டுவான் துறையில் படகேறிவிட்டாள். ஐயாவிடம் மூன்று கிழமையும் ஒரு மைக்ரோபிலிம் ஸ்கானரும் மிஞ்சின.

அது கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் அனுப்பியது. தீவுக் கோவில்களின் பழைய பதிவுப் புத்தகங்களைப் படம் பிடித்த ரீல்களும் கூடவே வந்தன. ரீலை மாட்டி, பிலிமைக் கண்ணாடித் தட்டுக்குள் செருகிக் குமிழைத் திருகினால், சுவாமிமாரின் கையெழுத்து கறுப்பில் வெள்ளையாகத் திரையில் ஓடும். ஐயா முதல் நாள் ரீலைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அந்தக் காலத்துச் சுவாமிமாருக்கு எழுத்தே வராது என்று என்னிடம் முறைப்பட்டார்.

பழகிய பிறகு ஆளை மெஷினடியிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஊர்காவற்றுறை ரீல் நான்கையும் முடித்தார். வீட்டுப் பெண்கள் பதினொரு பேரின் விவாகப் பதிவும் கிடைத்தது, எல்லாம் அக்கம்பக்கத்துக்குள்ளேயே. பூட்டன் சவிரிமுத்து 1949இல் அடக்கம் பண்ணப்பட்ட பதிவையும் மரியாதைக்காகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார். ஒருத்தி மட்டும் அகப்படவில்லை. சவிரிமுத்துவின் மகள் கத்தரீனா. பதினெட்டு வயதில் காய்ச்சலில் செத்தவள் என்பது வீட்டுக் கதை. ஒவ்வொரு கார்த்திகையிலும் மரித்தோர் பூசையில் அவளுடைய பெயர் வாசிக்கப்படுகிறதாம்.

"இவ்வளவும் காணும் ஐயா, நிப்பாட்டுவம்," என்றேன். எனக்கும் மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று உண்டு.

"நெடுந்தீவு ரீலையும் போடும்."

"அங்கை ஒருத்தரும் போகேல்லை எண்டுதானே சொல்லுறியள்?"

"போகேல்லை எண்டதுக்கு அத்தாட்சி வேண்டாமோ? முழுக்கப் பாத்தால்தான் அத்தாட்சி."

இல்லாத ஒன்றைத் தேடி இப்படி மினக்கெட்ட மனிதரை நான் கண்டதில்லை. இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் குமிழைத் திருகிய கை நின்றது. எழுந்துபோய்ப் பார்த்தேன். 1924 ஆனி மாதம். மணமகன் நெடுந்தீவு ஆள். மணமகள் ஊர்காவற்றுறை சவிரிமுத்து மகள் கத்தரீனா, வயது பதினெட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கமாட்டேன். குமிழை மேலும் திருகிப் பின்வந்த வருடங்களையும் பார்த்தேன். வீட்டார் நூறு வருடமாக ஆன்மசாந்திக்கு மன்றாடிய பெண், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்திருந்தாள்.

"மெஷின் பிழையாக் காட்டுதோ, பிள்ளை?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஐயா."

"அப்ப இதை விட்டிட்டு மற்றதுகளை மட்டும் அவளுக்குக் காட்டுவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விவாகப் பதிவுக்குத் திரும்பிப் போய், அதைப் பெருப்பிக்கச் சொன்னார். மணமகளின் தகப்பன் என்ற இடத்தில், சவிரிமுத்து என்ற பெயருக்குப் பக்கத்தில் சுவாமியார் ஒரு சொல் எழுதியிருந்தார். மரித்தவர்.

"பூட்டன் அப்ப உயிரோடையல்லோ இருந்தவர்!" என்றார் ஐயா. 1949 பிரிண்ட் அவர் கைக்குக் கீழேயே கிடந்தது.

"அவர் மகளைச் செத்தவள் எண்டு சொன்னால், மகள் என்னத்தைச் சொல்லுறது?"

சொன்ன பிறகு எனக்கே பாவமாக இருந்தது. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், அந்தச் சொல்லை இன்னொருமுறை படித்தார். பிறகு போனை எடுத்து மகளுக்கு அடித்தார். அவருடைய போன் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"யூலியானா, கலியாணப் பதிவுக்கு விபரமெல்லாம் குடுத்திட்டியோ?"

"குடுத்திட்டன் அப்பா." சண்டைக்குத் தயாரான குரல்.

"தகப்பன்ர பேருக்குப் பக்கத்திலை என்னத்தை எழுதுவிச்சனீ?"

காற்றின் இரைச்சலுக்குள் அவளுடைய குரல் இறங்கியது.

"ஒண்டும் எழுதுவிக்கேல்லை. நீங்கள் வாறியளோ எண்டு தெரிஞ்ச பிறகு சொல்லுறன் எண்டு, இடம் விட்டு வைச்சிருக்கு."

ஐயாவின் முகம் கோணியது. பூட்டனின் பிரிண்டை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"நான் உயிரோடைதான் இருக்கிறன் எண்டு சுவாமியிட்டைச் சொல்லு."