மூட விடாத கிணறு

றுஸைனாவின் கிணற்றை நிரப்ப ஒரு லொறி மண்ணை பதுர்தீன் ஹாஜியாரே அனுப்பியிருந்தார். அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"ஹாஜியார் அனுப்பினது" என்றார் சாரதி.

"தெரியும். திருப்பிக் கொண்டு போங்க."

பல்லேபொலவில் அவளுடைய மிளகுத் தோட்டத்துக்கு மேலே ஹாஜியாரின் கராஜ் இருந்தது. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறிகளின் எஞ்சின் பாகங்களை அங்கே ஒரு கரைப்பானில் கழுவி, கழிவை இருபது வருடங்களாகப் பின்பக்கக் குழியில் ஊற்றிவந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் இனிப்பாக ஒரு வாடை வந்தபோது, றுஸைனா அதைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினாள். அரச ஆய்வுகூடத்தில் மதுரா என்ற இரசாயனவியலாளர் சோதித்துப் பார்த்தார். அனுமதித்த அளவைப் போல எட்டு மடங்கு கரைப்பான் இருந்தது. கராஜை மூடினார்கள். குடிக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஹாஜியார் றுஸைனாவுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, கிணற்றை மூடிவிடச் சொன்னார்.

மண் திரும்பி வந்ததும் அவரே வந்தார். "மூடிட்டா எல்லாருக்கும் நிம்மதி, தங்கச்சி."

"மூடினா கிணறுதான் மறையும், ஹாஜியார். தண்ணி மண்ணுக்கு அடியால போய்க்கிட்டேதான் இருக்கும். கீழ கிணத்துத் தண்ணி குடிக்கிற பதினொரு வீடு இருக்கு."

அடுத்த வாரம் மதுரா ஒரு யோசனையோடு வந்தார்.

"மீதேன் வாயுவைத் தின்னுற நுண்ணுயிர் மண்ணுக்குள்ள இருக்கு, அக்கா. மீதேனும் காத்தும் குடுத்தால் பெருகும். அதைத் தின்னேக்க இந்தக் கரைப்பானையும் சேர்த்து உடைச்சுப்போடும்."

"வாயு எங்கயிருந்து வரும்?"

மதுரா மாட்டுத் தொழுவத்தின் பக்கம் பார்த்தார். ஐந்து மாடுகளின் சாணத்திலிருந்து வரும் வாயுவில்தான் றுஸைனாவின் அடுப்பு எரிந்தது. அதில் பெரும்பகுதி மீதேன்.

"எடுங்க மிஸ். நான் விறகுல சமைச்சிக்கிறேன்."

கராஜுக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு குழாய்களை ஆழமாக இறக்கினார்கள். சுத்தப்படுத்திய வாயுவை நிறையக் காற்றோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பினார்கள். வெடித்துவிடும் என்று ஊரில் பேச்சு. கீழ்வீட்டு பஸ்லா வந்து கேட்டபோது றுஸைனா வாயுவை அளக்கும் மீற்றரைக் காட்டினாள்.

"வாயு கூடினா தானா நிண்டுடும். விஷத்தைக் குடிச்சப்போ நாம யாரும் பயப்படலயே."

மூன்று மாதமாகியும் தண்ணீரில் கரைப்பானின் அளவு அசையவில்லை. நிறுத்திவிடலாம் என்றார் மதுராவின் மேலதிகாரி. றுஸைனா அந்த அலுவலகத்துக்குப் போய், அவர் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"இருபது வருஷம் ஊத்தினதுக்கு மூணு மாசம் போதுமா, சேர்?"

அவர் இன்னும் ஆறு மாதம் கொடுத்தார். ஐந்தாம் மாதம் அளவு இறங்கத் தொடங்கியது. ஒன்பதாம் மாதம் எட்டு மடங்கு மூன்று மடங்காகியிருந்தது.

அந்தச் செய்தி எட்டியதும் ஹாஜியார் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றோடு வந்தார். தண்ணீர் சுத்தமாகிவிட்டது, கராஜைத் திறக்க ஆட்சேபனை இல்லை என்று றுஸைனா சொல்வதாக அதில் இருந்தது.

"கையெழுத்து வைங்க. அந்தக் கிருமி எல்லாத்தையும் தின்னுட்டுதாமே."

"தின்னுக்கிட்டு இருக்கு. முடிக்கல."

"உங்களுக்கு பைப் எடுத்துத் தந்தது நான்தானே."

"தந்தீங்க. பதினொரு வீட்டுக்கும் தந்திருக்கலாம்."

அவள் பேனாவை எடுத்தாள். கடிதத்தின் கீழே, 'இன்னும் மூன்று மடங்கு இருக்கிறது. குடிக்க முடியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. பதினொரு வீட்டுக்கும் நடந்து, எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கி, திங்கட்கிழமை பிரதேச சபையில் கொடுத்தாள்.

குழியின் மண்ணைத் தோண்டி அகற்றும்வரை கராஜுக்கு அனுமதி இல்லை என்று சபை தீர்மானித்தது. அதன்பின் ஒரு கல்யாண வீட்டில் ஹாஜியாரின் மனைவி அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். றுஸைனாவுக்கு வலித்தது. ஆனாலும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தாள்.

குழி மண் பீப்பாய்களில் போனது. இரண்டாம் வருடம் அளவு அனுமதித்த எல்லைக்குச் சற்று மேலே வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம்தான், அக்கா" என்றார் மதுரா. "இது போதும், நிப்பாட்டச் சொல்லி எங்கட மேலதிகாரியள் சொல்லினம்."

"அவங்கள இங்க வந்து ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டச் சொல்லுங்க, மிஸ். குடிச்சா நிப்பாட்டலாம்."

சொல்லிவிட்டு, சாணம் கரைக்க வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.