வேரோனிக்காவின் நிலபாவாடை

முப்பது வயதாகியும் வேரோனிக்கா மண்ணில் கால் வைத்தவள் அல்ல. சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் ஒரு சிம்பன்சி. பிறந்தது ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில், வளர்ந்தது அந்தரத்தில் தொங்கிய கம்பிக் கூட்டில். கீழே நிலம் என்று ஒன்று இருப்பதை எந்தப் பாவியும் அவளுக்குக் காட்டவில்லை.

கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவில் இருக்கும் காப்பகத்துக்கு அவளைக் கொண்டுவந்து ஆறு மாதம். புதிதாக வருகிறவர்களை வைக்கும் கொட்டிலில், போர்வைகளைச் சுற்றிக் குவித்து நடுவில் இருந்துகொள்வாள். சீமெந்துத் தரையில்கூடப் பாதம் படவிடமாட்டாள். நகர்ந்தால் போர்வையோடுதான் நகர்வாள்.

அவளுக்குப் பழம் வெட்டிக் கொடுப்பவர் இராஜரட்ணம். ஐம்பத்தெட்டு வயது. கிழமை நாட்களில் காப்பகம், சனி ஞாயிறில் ஸ்காபரோ மண்டபங்களில் மணவறை சோடிப்பு. ரொறன்ரோவில் ஒரு வேலையோடு நிற்கிற தமிழனை எங்கே போய்த் தேடுவது?

ஒக்டோபர் பிறந்ததும் வந்தது வில்லங்கம். வேறொரு கூடத்திலிருந்து ஆறு சிம்பன்சிகள் வரப்போகின்றன, கொட்டில் வேண்டும். வேரோனிக்கா எதிரே உள்ள பெரிய வீட்டுக்குப் போயாகவேண்டும். அங்கே ஏற்கெனவே அவளைப்போல மூன்று பேர் இருக்கிறார்கள், துணைக்குத் துணை. இடையில் இருப்பது வேலி அடைத்த புல்வெளி, முப்பது அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். ஆனால் அவள் அந்த முப்பதையும் தானே நடக்கவேண்டும். நடக்காவிட்டால் மயக்க ஊசியைத் துவக்கால் சுட்டு, தூக்கிக்கொண்டு போவார்கள். அவளுடைய இதயம் வீங்கிப்போன இதயம்.

“சுட்டால் திரும்ப எழும்புவாளோ எண்டு எனக்கு ஷுவர் இல்லை, அங்கிள்,” என்றாள் துர்க்கா. காப்பகத்து மிருக வைத்தியர் அவள், கனடாவிலேயே பிறந்த பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்றும் சொன்னாள்.

நாலு நாளாகக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். வேரோனிக்கா வாசல்வரை வருவாள், புல்லை மணந்து பார்ப்பாள், திரும்பிவிடுவாள். புல்லில் மாம்பழம் வைத்தார்கள். அணில் தின்றது. போர்வைகளை வரிசையாக விரித்தார்கள். ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக் கூட்டைப் பெருப்பித்துக்கொண்டாள், கெட்டிக்காரி!

வியாழன் பின்னேரம் வீட்டில் சோறு பாதியிலேயே கிடந்தது. இராஜரட்ணம் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில், இருபத்திரண்டாம் மாடியில், கீழே கிடந்த பனியைப் பார்த்துப் பயந்து ஒரு மாதம் இறங்காமல் இருந்தவர். அன்றைக்குக் கையைப் பிடித்து இறக்கியவள் மனைவி புனிதவதி. வேரோனிக்காவின் கையை யார் பிடிப்பது? அவள் இருக்கிற இடத்துக்குள் ஆள் போகக்கூடாது, அது சட்டம். யோசித்தபடியே கராஜுக்குள் போனவர், நிலபாவாடையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாசலிலிருந்து மணவறைவரை நடந்து வர விரிக்கிற நீட்டு வெள்ளைத் துணி அது.

குரங்குக்கும் கலியாணமோ என்று புனிதவதி கேட்டாள். சனிக்கிழமை வேலைக்கு அதுதான் ஒரே துணி என்றும் ஞாபகப்படுத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைச் சுருட்டிக் காரில் ஏற்றியவளும் அவள்தான்.

வெள்ளி விடியக் காப்பகம் முழுக்கப் பனிப்புகார். வேலியும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் பாலில் கரைந்த மாதிரி. இராஜரட்ணம் துணியின் ஒரு நுனியை, உள்ளே இழுபடாமல், கொட்டில் வாசல் கம்பியோடு முடிந்துவிட்டு உருட்டிக்கொண்டு போனார். பெரிய வீட்டுக்கு எட்டு அடி இருக்கையில் துணி முடிந்துவிட்டது. மண்டபத்து அளவுக்கு வெட்டிய துணி அல்லவா? விசரன், அளந்து பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். போர்வைகள் முழுக்க அவளிடம். இவ்வளவு தூரம் வருகிறவள் மிச்சத்தையும் வருவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்தார்.

கதவு உயர்ந்தது. வேரோனிக்கா வந்தாள். துணியை விரலால் தடவினாள், மணந்தாள். அதில் எத்தனை பெண்களின் பாதமும் பன்னீரும் பூவும் பட்டிருக்கும்! ஒரு காலை வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள்.

“வா பிள்ளை, வா. ஆறுதலா வா,” என்று சொல்லிக்கொண்டு இராஜரட்ணம் வேலி ஓரமாக அவளுக்குச் சமமாக நடந்தார். மண்டபத்தில் பொம்பிளைக்கு முன்னால் போகிற அதே நடை. புகாருக்குள் அந்த வெள்ளைத் துணி நிலத்தில் கிடக்கிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை. மேளம் இல்லை, ஒரு காகம்கூட இல்லை. கறுத்த உருவம் ஒன்று மட்டும் வந்துகொண்டிருந்தது. இது கனவென்றால் என்னை ஒருவரும் எழுப்பவேண்டாம் என்று நினைத்தார்.

துணி முடிந்த இடத்தில் அவள் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே கொட்டிலுக்கு நடந்தாள்.

இராஜரட்ணம் வேலியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற துர்க்கா துவக்கை எடுக்கப் போனாள்.

வேரோனிக்கா உள்ளே போகவில்லை. வாசலில் குந்தி, இராஜரட்ணம் போட்ட முடிச்சை விரலால் நோண்டி அவிழ்த்தாள். அவிழ்ந்த நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, துணிமேலேயே இழுத்தபடி திரும்ப வந்தாள். முடிவுக்கு வந்ததும் அதைச் சுருட்டி முன்னால் எறிந்தாள். கையால் நீவி விரித்தாள். ஏறி நடந்தாள்.

பெரிய வீட்டு வாசலுக்கு ஒரு அடி குறைந்தது. அந்த இடத்தில் ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்தாள். மென்றாள். பிறகு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, பாதத்தைப் புல்லில் வைத்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து மூன்று குரல்கள் கூவின. அவள் விட்டுப்போன துணி அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முழுத் துணியும் கதவுக்குள் இழுபட்டுப் போய்விட்டது.

துர்க்கா துவக்கோடு வந்து நின்றாள். அதை மெதுவாகப் புல்லில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“அங்கிள், நாளைக்கு வெடிங்குக்கு என்ன செய்வீங்கள்?”

“பொம்பிளைக்குக் கால் இருக்குத்தானே,” என்றார் இராஜரட்ணம். “நடந்து வரட்டும்.”