மரியாதைக்குரிய பாப்பா

ரூபினி தன் ஆறு மாதக் குழந்தையிடம் "நீங்க" போட்டுத்தான் பேசினாள். வேறு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பால் குடிக்கிறீங்களா? பேம்பர்ஸ் மாத்திடலாமா?" என்று அவள் தொட்டிலில் குனிந்து கேட்கும்போதெல்லாம், கூடத்தில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் வாசுகிக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"அண்ணி, இது வீடு லா. நீங்க இன்னும் ஆபீஸ்ல கஸ்டமர் போன எடுக்கிற மாதிரியே பேசுறீங்க. 'வேற எதாச்சும் உதவி வேணுமா மேடம்'னு கேக்காததுதான் பாக்கி."

ரூபினியின் கணவன் தீபனும் தங்கையோடு சேர்ந்துகொள்வான். "இந்த வீட்ல நீங்கன்னு அவ கூப்பிட நான் ஒருத்தன் இருந்தேன். இப்ப அதுக்கும் பங்கு வந்திருச்சி."

ரூபினி சிரித்தாள். அவள் சிரிக்கிறாள் என்பதாலேயே இருவரும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேலி செய்தார்கள். சில மாதங்களுக்கு முன் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்யக்கூடிய நிலையில் இல்லை.

குழந்தை லினிஷா பிறந்து, கெலாங் பாத்தா ஊரிலுள்ள வீட்டுக்கு வந்த சில நாட்களில் ரூபினி ஓயாமல் அழத் தொடங்கினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். பிறகு அழுகையும் நின்றுபோனது. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ரத்தம் குறைவு என்றார்கள், தூக்கம் போதவில்லை என்றார்கள், சுறாப்புட்டு செய்து கொடுக்கச் சொன்னார்கள். தீபன் வாங்கிவந்த சுறாவெல்லாம் அவனே சாப்பிட வேண்டியதாயிற்று.

ஒரு மாலை அவன் எல்லைக்கு அப்பால் துவாஸில் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தபோது, ரூபினி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "பாப்பாவுக்கு நல்ல அம்மாவா ஒருத்தங்கள பாத்துடுங்க. நான் சரிப்பட மாட்டேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்துவிட்டான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார் டாக்டர். பல தாய்மார்களுக்கு வருவதுதான், யார் மீதும் தப்பில்லை, குணமாகிவிடும் என்றார். மாத்திரை கொடுத்தார். அவள் நன்றாகத் தூங்க வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும் என்றார். பத்து பாகாட் என்ற ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த வாசுகி, தையல் மிஷினைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மெல்ல மெல்ல ரூபினி தேறினாள். சாப்பிட்டாள், தூங்கினாள், டிவி பார்த்துக் குறை சொன்னாள். நோய் விலகியதும் பாசம் தானாக வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். அது மட்டும் வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினாள், பால் கொடுத்தாள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். குழந்தையோ அத்தையைப் பார்த்தால் கையை ஆட்டியது, அப்பாவைப் பார்த்தால் கெக்கெக்கென்று சிரித்தது, அம்மாவைப் பார்த்தால் நேர்முகத் தேர்வுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தது.

இந்த நேரத்தில்தான் வாசுகி கிளம்ப வேண்டியதாயிற்று. தீபாவளி நெருங்கியது. "அண்ணி, என் கஸ்டமருங்க போன்ல திட்டுறாங்க. இந்த வருஷம் பத்து பாகாட்ல பாதிப் பேரு ரவிக்கை இல்லாம தீபாவளி கொண்டாடப் போறாங்க."

ரூபினிக்குக் குழந்தையோடு தனியாக இருக்கப் பயமாயிருந்தது. மருத்துவமனையில் தன்னைக் கவனித்துவந்த ஆலோசகர் சாந்தினியிடம் அதைச் சொல்லிவிட்டாள். சாந்தினி அவளைவிட இரண்டொரு வயது சின்னவள். "எனக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளைய பாத்துக்கிற மாதிரி இருக்கு. அதுக்கும் என்னைப் புடிக்கல. இதை யாருகிட்டயும் சொல்ல முடியல," என்றாள் ரூபினி.

"எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல. அடுத்த தடவ பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க அக்கா," என்றாள் சாந்தினி. "நீங்க விளையாடுங்க, நான் போன்ல வீடியோ எடுக்கிறேன்."

ரூபினி ஒரு பெரிய பை நிறையப் பொம்மைகளோடு போனாள். பாயில் குழந்தையைக் கிடத்தி, கிலுகிலுப்பையை ஆட்டினாள், வாத்தைக் கத்தவைத்தாள், பாட்டுப் பாடினாள், யானையைக் காட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா? இதான் சொன்னேன்," என்றாள் ரூபினி. கண் கலங்கிவிட்டது.

சாந்தினி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பும் இடத்தில் நிறுத்தினாள். "இது உங்களைப் புடிக்காம இல்ல. வாத்து, யானை, பாட்டு எல்லாம் ஒண்ணா வந்தா எனக்கே தலை சுத்தும். கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிறா. இப்ப பாருங்க."

படம் மெதுவாக நகர்ந்தது. குழந்தை தலையைத் திருப்பியது. யானையைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் தேடியது. வாயைக் குவித்து ஏதோ சொல்லப் போவதுபோல் காத்திருந்தது. அப்போது படத்தில் ரூபினியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அவ உங்களைப் பாக்குறப்ப, நீங்க அடுத்த பொம்மைக்காகப் பைக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கீங்க அக்கா."

ரூபினி அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. குழந்தை ஒவ்வொரு முறையும் அவள் முதுகைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் கொஞ்ச நேரம் பொம்மை இல்லாமல், போன் இல்லாமல் குழந்தையோடு சும்மா இருக்க வேண்டும் என்று சாந்தினி சொல்லியனுப்பினாள். குழந்தை என்ன செய்கிறதோ அதைப் பார்த்து, அதற்குப் பதில் சொன்னால் போதும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்த நேரத்தில் குழந்தை அழுதாலும் வேறு யாரும் ஓடிவந்து தூக்கக் கூடாது.

கஷ்டமானது இந்தக் கடைசி நிபந்தனைதான், அதுவும் ரூபினிக்கு அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் தங்கையையும் அவள் வீட்டுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். இருவரும் வாசலில் நின்ற காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"அலமாக்! அது பசி அழுகை அண்ணே. எனக்குத் தெரியும்," என்று வாசுகி கார்க்கதவைத் திறந்தாள்.

தீபன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காரு. அவளுக்கும் தெரியும்." சொல்லிவிட்டு அவனே இறங்கிப் போய் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். ரூபினி உள்ளேயிருந்து திரைச்சீலையை இழுத்து மூடினாள். அவன் காருக்கே திரும்பி வந்தான்.

குழந்தைக்குப் பசியில்லை. ரூபினி அதை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தையே பார்த்திருந்தாள். பாட்டில்லை, வாத்தில்லை. அழுகை தேய்ந்து, விக்கலாகி, நின்றது. குழந்தை உதட்டைக் குவித்து எச்சில் தெறிக்க "ப்ர்ர்ர்" என்றது.

யோசிக்காமல் ரூபினியும் "ப்ர்ர்ர்" என்றாள்.

குழந்தை திகைத்துப்போய்விட்டது. இந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்பதுபோல் கண்ணை விரித்துப் பார்த்தது. சோதித்துப் பார்க்க, இன்னும் நீளமாக ஒரு "ப்ர்ர்ர்ர்ர்." ரூபினியும் விடவில்லை. அவள் முகமெல்லாம் எச்சில், சட்டையெல்லாம் எச்சில். குழந்தை கெக்கெக்கென்று சிரித்து அவள் மூக்கைப் பிடித்தது.

"அடிக் கள்ளி! மூக்க விடுடி!" என்று அவள் கத்தியது காருக்குள்ளிருந்த வாசுகிக்கே கேட்டது.

"மேடம் போச்சு அண்ணே," என்றாள் வாசுகி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏர்கான் தூசு என்றாள்.

அடுத்த வாரம் அவள் மிஷினோடு பத்து பாகாட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் எல்லாம் இனிமையாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. சில நாள் குழந்தையும் அழுதது, அம்மாவும் அழுதாள். ஒரு நாள் மதியம் முழுக்க ரூபினிக்கு மறுபடி எல்லாம் வெறுமையாகத் தோன்ற, பயந்துபோய் சாந்தினிக்குப் போன் செய்தாள். மாத்திரை தொடர்ந்தது. எச்சில் விளையாட்டும் தொடர்ந்தது. பாசம் எந்த நாளில் வந்தது என்று அவளால் சொல்ல முடியாது. குழந்தை தூங்கும்போது, எழுந்துவிடாதா என்று தான் காத்திருப்பதை ஒரு நாள் கவனித்தாள்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு தீபன் லீவு போட்டுக்கொண்டு வந்தான். ஊசி என்றால் ரூபினி கலங்கிவிடுவாள், தான்தான் சமாளிக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். கிளினிக்கில் ஊசி போடும் நர்ஸ் மிசி தொடையில் குத்தியதும் லினிஷா கூரை அதிர அலறினாள்.

"வாம்மா, அப்பாகிட்ட வா," என்று தீபன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தது. தீபனைத் தள்ளிவிட்டு, உடம்பையே வளைத்து, பின்னால் நின்ற ரூபினி மீது பாய்ந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பியது. ரூபினி அதை இறுக்கிக்கொண்டு முதுகைத் தடவினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கலங்கவில்லை. மிசி மூன்று பேரையும் பார்த்துச் சிரித்து, தீபனிடம் பஞ்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

ஊசிக்குப் பிறகு சிறிது நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குழந்தை அம்மாவின் தோளிலேயே தூங்கிவிட்டது. தீபன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"லீவு போட்டதுக்கு நல்ல மரியாதை," என்றான்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். கொண்டா, நான் வச்சிக்கிறேன். உனக்குக் கை வலிக்கலயா?"

"வலிக்குது."

"அப்புறம்?"

"வலிச்சிட்டுப் போகுது. முழிச்சிக்குவா," என்றாள் ரூபினி. "நீங்க போய் கார ஸ்டார்ட் பண்ணி ஏர்கான் போட்டு வைங்க. எங்களுக்குச் சூடு ஆகாது."