நாத்தனார் தோளில் ஓர் அந்துப்பூச்சி

ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று மைக்கில் சொல்வதுதான் நாத்தனாருக்கு வேலை. வீட்டுக்கு வரும்போது மைக்கைத்தான் அங்கே விட்டுவிட்டு வருவாள், குரலை அல்ல. அண்ணியோ தையல்காரி. பல்லிடுக்கில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை பார்த்துப் பார்த்து, ஊசி இல்லாதபோதும் வாய் திறக்காத பழக்கம் வந்துவிட்டது. தப்பித்தவறி ஒரு வார்த்தை தொடங்கினால், நாத்தனார் அதைப் பிடுங்கி ஒன்பதாக்கி முடித்துவைப்பாள்.

மலைக்காட்டைச் சுற்றிப்பார்க்க வந்த இடத்திலும் அதே கதைதான். கார் டயரில் காற்று இறங்கிவிட்டது. அண்ணியின் கணவன் அதைக் கழற்ற உட்கார்ந்தான். எப்படிக் கழற்றுவது என்று தங்கை பாடம் எடுக்கத் தொடங்கியதும், "ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்துட்டு வாங்களேன், புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

மழை பெய்து ஓய்ந்த ஒற்றையடிப் பாதை. ஏற்றத்தில் மூச்சு வாங்கி, நாத்தனார் ஒரு மரத்தில் சாய்ந்தாள். மூச்சு நின்றாலும் பேச்சு நிற்குமா? பேசிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான், மரப்பட்டை என்று நினைத்தது மெல்ல நகர்வதை அண்ணி கண்டாள்.

இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி! செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை, நடுவே கண்ணாடி பதித்ததுபோல் முக்கோணச் சில்லுகள். எந்தத் துணிக்கடையிலும் அப்படியொரு கரையை அவள் பார்த்ததில்லை. அது பஞ்சுக் கால்களை எடுத்துவைத்து, நாத்தனாரின் தோளுக்கு இடம் மாறியது.

"அண்ணி, என் தோள்மேல என்ன..." என்று திரும்பியவள் கண்கள் முட்டையாயின.

"அசையாதே!" என்றாள் அண்ணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே எந்தக் குரங்கு விழித்துக்கொண்டதோ, "வாயைத் திறக்காதே. சத்தம் கேட்டா பொல்லாததாயிடும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நாத்தனார் வாய் பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொண்டது.

காட்டில் அத்தனை அமைதி. அண்ணிக்குக் காதே குளிர்ந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நான் தச்ச ரவிக்கை கை பிடிக்குதுன்னு உன் ஆபீஸ் முழுக்கச் சொன்னியாமே? நான் அளவெடுத்தது சரிதான். நீதான் அதுக்கப்புறம் பெருத்துட்டே."

நாத்தனாரின் புருவம் ஏறியது. பூச்சி இறக்கையை ஒருமுறை அசைத்தது. புருவம் இறங்கிவிட்டது.

"என் குழம்புல உப்பில்லன்னு சொல்லிட்டு, பாத்திரத்தை வழிச்சு நக்கினது யாரு? உங்கண்ணன் குறட்டை விட்டு என் தூக்கத்தைக் கெடுக்க, நான்தான் அவரைத் தூங்க விடலன்னு என்னையே குத்தம் சொன்னியே, அது நியாயமா?" மடை திறந்தாகிவிட்டது. நாத்தனாரின் மாமியார் வரைக்கும் போய், அந்த அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

இறக்கைகள் மெல்ல நடுங்கின. விரிந்தன. ஒரு பட்டுத்துணியை உதறினாற்போல் அது எழும்பி, கிளைகளுக்கு மேலே போய் மறைந்தது. இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

பிறகுதான் தான் பேசியதெல்லாம் அண்ணிக்கு உறைத்தது. ஓரடி பின்வாங்கினாள்.

"முடிஞ்சுதா அண்ணி?" என்றாள் நாத்தனார். "அது ஒண்ணும் பண்ணாது. இத்தனை பெரிசா இல்லாட்டியும், எங்க ஸ்டேஷன் விளக்குக்கு இதுமாதிரி எத்தனையோ வரும். கையில எடுத்து வெளியே விடுறதே நான்தான்."

"அப்புறம் ஏன் பேசாம நின்னே?"

"மொதல்ல பயந்துட்டேன், நெஜம்தான். அப்புறம் நீங்க பேச ஆரம்பிச்சீங்க. இவ்வளவு பேச்சு உங்ககிட்ட இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சினிமா மாதிரி இருந்துச்சு." பூச்சியின் இறக்கையிலிருந்து உதிர்ந்து சேலையில் ஒட்டியிருந்த செம்பொடியைத் தட்டிவிட மனமில்லாமல் தடவினாள். "ஆனா ரவிக்கை விஷயத்தை மட்டும் ஒத்துக்கவே மாட்டேன்."

"கையைத் தூக்கு. அளந்து காட்டுறேன்" என்றாள் அண்ணி.

டயரை மாட்டிவிட்டுத் தேடி வந்த கணவன், நடுக்காட்டில் தங்கை கையைத் தூக்கி நிற்பதையும், மனைவி அதைச் சாணால் அளப்பதையும், இருவரும் ஒரே நேரத்தில் கத்துவதையும் கண்டான். வந்த சுவடு தெரியாமல் திரும்பி நடந்தான்.