அழாத பிள்ளை

என் தென்றலைப் போல் சமர்த்துப் பிள்ளை எங்கள் தெருவிலேயே கிடையாது என்று நான் சொல்லித் திரிந்த காலம் உண்டு. அப்போது அவளுக்கு இரண்டு வயது. வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த 2006-ஆம் வருஷம், எனக்கு அங்கே சித்தாள் வேலை. காலையில் பிள்ளையை ராஜம்மாள் அக்கா வீட்டில் விட்டால், சாயங்காலம் தூங்கின முகத்தோடு திரும்பக் கிடைப்பாள். அழுகை இல்லை, அடம் இல்லை. கூலியில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்குப் போனது. கையைக் கடித்தாலும் கொடுத்தேன்.

அந்த வருஷம்தான் கூலிக்காரர் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் பக்கத்திலேயே காப்பகம் திறந்தது. பால், முட்டை, படுக்கப் பாய் எல்லாம் உண்டு. மாதத்துக்குப் பெயருக்கு இருபது ரூபாய். அரை மனதாகச் சேர்த்தேன்.

மூன்றே நாளில் பிள்ளை பேய் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஓயாத கத்தல், கை நடுக்கம். ராத்திரியும் கண்ணை மூடவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்த்தேன், சொத்தைப் பல் என்றே முடிவு கட்டினேன். நாலாம் நாள் காலையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்ட கையோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல? சாயங்காலம் இட்டுனு வா. அப்படியே சளி மருந்து வாங்கியா, இந்த வாரம் உன் முறை," என்றாள் அக்கா.

அவளிடம் பிள்ளை விடும் நாலு பேரும், வாரத்துக்கு ஒருத்தியாக அந்தச் சிவப்பு மருந்தை வாங்கித் தருவது வழக்கம். வேலை முடிந்ததும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். கத்தும் தென்றலை நசீம் பானு டீச்சர் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"பொண்ண இட்டுனு போறேன் டீச்சர். உங்களுக்குப் புள்ள வளக்கத் தெரியல. அக்கா வீட்ல இவ சத்தமே கேக்காது."

அவர் கோபப்படவில்லை. "அங்க பகல்ல எவ்ளோ நேரம்மா தூங்குவா?"

"சாயங்காலம் வரைக்கும்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"எதனா குடுப்பாங்களா?"

"சளி மருந்துதான்." புட்டியை எடுத்து நீட்டினேன்.

"சளி இல்லாதப்பவுமா?"

தென்றலுக்குச் சளி பிடித்ததே வருஷத்தில் இரண்டு தடவை. வாங்கின புட்டிகளுக்கோ கணக்கில்லை.

டீச்சர் புட்டியைத் திருப்பிப் படித்தார். "இது பெரியவங்க இருமலுக்கும்மா. தூக்கம் ஜாஸ்தி வரும். குழந்தைங்களுக்குக் குடுக்கக் கூடாதுனே போட்டிருக்கு."

படிக்கத் தெரியாத பாவி, என் கையாலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதுதான் தென்றல் புட்டியைப் பார்த்தாள். மூன்று நாளாக ஓயாத அழுகை நின்றது. டீச்சர் இடுப்பில் இருந்தபடியே, யாரும் சொல்லாமல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.