ஐந்து நாற்காலிகள்

நாய்க்குக் கண் தெரிகிறதா என்று அதனிடமே கேட்க முடியாது. எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லவும் முடியாது. அதனால் எங்கள் கால்நடை மருத்துவமனையில் கடைசிச் சோதனை நாற்காலிகள்தான். அறையில் ஐந்து நாற்காலிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு, மறுகோடியிலிருந்து நாயைக் கூப்பிடுவோம். முட்டாமல் வந்தால் பார்வை இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட வேண்டும் என்பது விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான்.

ஆனால் எனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். மேசைமேல் பேனா கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஆயாவிடம் எரிந்து விழுவேன். என் வாய்க்குப் பயந்து, பெருக்கித் துடைத்தபின் நாற்காலிகளை ஒழுங்காகப் போடுவதற்காக, ஆயா தரையில் ஐந்து இடங்களில் பெயின்ட்டால் அடையாளம் வைத்துவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருடங்களாக ஒரு நாற்காலியும் இம்மி நகரவில்லை.

என் அக்கா கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் காவல்காரர். வளாகத்துக்குள்ளேயே வீடு. கிடங்குக்காக வாங்கிவந்த குட்டி ஒன்றை அக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். நாள் முழுக்க எல்லாரையும் பார்த்துக் கத்துகிறது, ஒரு வேலையும் செய்வதில்லை என்று அதற்கு ‘மேனேஜர்’ எனப் பெயர் வைத்தாள். அக்கா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அதன்பிறகு மாமா மனிதர்களோடு பேசியதைவிட மேனேஜரோடு பேசியதுதான் அதிகம்.

கிடங்கு நாய்களுக்கு வருடம் ஒருமுறை நான் பார்வைச் சான்றிதழ் தர வேண்டும். தேறாத நாய்க்கு உயிரை எடுக்கும் ஊசிதான். காவலுக்குப் பழக்கிய நாயை வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். போன வருடம் வேறொரு நாய்க்காக நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். நடக்கவில்லை.

இந்த வருடம் மாமா மேனேஜரைக் கூட்டிவந்தபோது ரொம்பக் கலகலப்பாக இருந்தார்.

“சீக்கிரம் பார்த்து அனுப்பும்மா. மேனேஜர் சாருக்கு ஆபீஸ்ல தலைக்குமேல வேலை.”

கண்ணில் டார்ச் அடித்தேன். சட்டென்று சுருங்க வேண்டிய கருமணி அகலத் திறந்தபடியே சோம்பிக் கிடந்தது. கண்ணுக்குள் தேவைக்கு மேல் பளபளப்பு. விழித்திரை தேய்ந்துபோன நாய்களிடம் நான் பார்த்திருக்கும் பளபளப்பு அது.

“இருட்டுல தடுமாறுதா மாமா?”

“வயசாகுதுல்ல? நானும்தான் தடுமாறுறேன். எனக்கும் ஊசி போட்டுடுவியா?”

அடுத்தது பஞ்சு. உருண்டை பிடித்த பஞ்சை முகத்துக்கு முன்னால் கீழே விட வேண்டும். சத்தம் வராது, காற்றும் வராது. பார்வை இருக்கும் நாய் அது விழுவதை அநேகமாகத் திரும்பிப் பார்க்கும். விட்டேன். மேனேஜர் என் குரல் வந்த திசையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“தூக்கக் கலக்கம்மா அவனுக்கு” என்றார் மாமா. அந்தக் குரலில் கேலி இல்லை.

இன்னும் இரண்டு தடவை பஞ்சைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டால் தெரிந்துவிடும் என்று போடவில்லை. நாற்காலிகள் இருக்கின்றனவே, அவை சொல்லட்டும் என்று விளக்கைக் குறைத்தேன். மறுகோடியிலிருந்து மாமா கூப்பிட்டார். மேனேஜர் முதல் நாற்காலிக்கு இடப்பக்கம் போய், இரண்டாவதுக்கு வலப்பக்கம் திரும்பி, மிச்ச மூன்றிலும் வால்கூட உரசாமல் வளைந்து வளைந்து அவரிடம் போய்ச் சேர்ந்தது. மாமா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ‘பார்வை போதுமானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருபது நாள் கழித்து, குழாய் பதிப்பதற்காகக் கிடங்கில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டினார்கள். மறுநாள் காலை மேனேஜர் தினமும் போகும் வழியிலேயே நடந்துபோய் அதற்குள் விழுந்தது. மாமா யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நாய்க்குக் கண் தெரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். தானே இறங்கி, நாயைத் தலைக்குமேல் தூக்கி மேலே தள்ளிவிட்டார். அதற்குள் பக்கத்து மண் சரிந்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்து கையாலேயே தோண்டி எடுத்தபோது மாமாவுக்கு மூச்சு இல்லை. அதுவரை மேனேஜர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, யாருமே இல்லாத பக்கத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்ததாம்.

ஒரு வாரம் போனபின் கிடங்கு சூப்பர்வைசர் மேனேஜரைக் கூட்டிவந்தார்.

“நாய்க்குக் கண் தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். நீங்க தெரியும்னு எழுதியிருக்கீங்க. இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்.”

அன்று சோதனை அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நாற்காலிகள் வெளியே வராந்தாவில் அடுக்கிக் கிடந்தன. அறையில் மேசையைத் தவிர ஒன்றுமில்லை. ஆயா மேனேஜரை வாசல் பக்கம் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் மறுகோடிக்குப் போய், நாற்காலிகளை எங்கே போடலாம் என்று யோசித்தபடி, “மேனேஜர், வாடா” என்றேன். ஆயா பிடியை விட்டுவிட்டாள்.

அது கிளம்பியது. இரண்டடி நடந்து, வெறும் தரையில் இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகு வலப்பக்கம். ஒன்றுமே இல்லாத இடத்தில் உடம்பைக் குறுக்கி, வாலை இடுக்கி, எதையோ இடித்துவிடாமல் கவனமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அது ஒதுங்கிய இடங்களிலெல்லாம் ஆயா வைத்த அடையாளம் இருந்தது.

“என்ன மேடம், காலி இடத்துல இப்படி வளைஞ்சு வளைஞ்சு வருது?” என்றார் சூப்பர்வைசர்.

ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சான்றிதழுக்கு முந்தின வாரம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல தினமும் வருவாரும்மா. ஆஸ்பத்திரின்னா பயப்படுறான், கொஞ்சம் பழகட்டும்னு சொன்னாரு. நாற்காலியைச் சுத்திச் சுத்தி நடக்கவிட்டுக்கிட்டே இருப்பாரு. உங்க மாமாதானேன்னு நான் ஒண்ணும் கேட்கல.”

எனக்கு மாமாமேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த அண்ணனைப்போல நினைத்த மனுஷர் என்னையே ஏமாற்றிவிட்டாரே என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டும்போதே தெரிந்தது, அந்தப் பஞ்சை இரண்டாம் தடவை போடாதவள் நான். அவர் ஏமாற்ற வருமுன்பே ஏமாறத் தயாராக உட்கார்ந்திருந்தவள்.

மேனேஜர் என் காலடிக்கு வந்துவிட்டது. என்னை மோந்து பார்த்து, எனக்குப் பின்னால் சுவர்வரை போய் மாமாவைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. ‘பார்வை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊசியையும் நானே போட்டேன். அது அடங்கும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதையே ஒரு மாதம் முன்பு எழுதியிருந்தால் மாமா என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். செத்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்றிருப்பார். பேசாமலே, கிடங்கு வாசலில் என்மேல் கோபமாக உட்கார்ந்திருப்பார்.